மாலதியிடம் சொன்ன பொய்

வெள்ளி இரவு, பிளானோ

புற்றுநோய் வந்த பிறகு என் மகன் நிகில் இன்றுதான் மறுபடி பள்ளி அணிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான். போன சீசன் முழுக்க கீமோவிலேயே கழிந்தது. இன்று பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிள்ளையை இருவர் சேர்ந்து தரையில் சாய்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். எனக்குத்தான் உயிர் திரும்பி வர நேரமாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டு மாலதி, "பையன் கிண்ணுனு இருக்கானே! முழுசா சரியாயிடுச்சா?" என்றாள். கண் பட்டுவிடுமே என்று, "எங்க, இன்னும் உடம்பு தேறவே இல்ல" என்று சொல்லிவிட்டேன். பின்னாலேயே நிகில் ஹெல்மெட்டோடு நின்றதை நான் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில்தான் கேட்டான்.

"அம்மா, ஸ்கேன் க்ளீன்னுதானே சொன்ன? டெல் மீ த ட்ரூத்."

டாக்டர் அனுப்பியிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போனில் திறந்து காட்டினேன். கண் படும் என்று பயந்ததையும் சொன்னேன். முறைத்தான்.

"அப்போ கால் ஹெர். ஐ ஆம் ஓகேன்னு சொல்லு."

கூப்பிட்டேன். "மாலதி, நிகிலுக்கு முழுசா குணமாயிடுச்சு." இதை வாய்விட்டு நான் யாரிடமும் சொன்னதே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டான்.

பிறகு குளிக்கப் போனான். ஆட்டத்துக்காகக் கன்னத்தில் பூசியிருந்த கறுப்பு மையை மட்டும் இன்றைக்குக் கழுவ வேண்டாம் என்றேன்.