உங்கள் கல்லறையில் நான் கொளுத்திய பென்சில் மத்தாப்பு

கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்பதோடு சரி, உடனே ஒருநாளும் வந்திராத என் வீட்டுக்காரருக்கு,

நேற்று ஈஸ்டர். ஆமத்தூர் முழுக்க என் பேச்சுதான். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான் உங்கள் அம்மா. வைத்ததைச் சாப்பிடுவார், கேட்டால் தலையாட்டுவார், ஒரு வார்த்தை கிடையாது. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டுகிற மனுஷி. "என்னையத் திட்டவாவது செய்யுங்க அத்தே" என்று அழுதே பார்த்துவிட்டேன். உங்களோடு சேர்த்து இவரையும் புதைத்துவிட்டோமோ என்று பயந்துபோனேன்.

ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவது உங்கள் ஆட்கள் வழக்கமாயிற்றே. கெஞ்சிக் கூத்தாடி அத்தையையும் கிளப்பினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் இருட்டில் தீக்குச்சி உரசியா அலமாரியில் தேடுவாள்? கைக்கு மெழுகுவத்தி மாதிரித் தட்டுப்பட்ட பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டேன்.

போதகர் "உயிர்த்தெழுந்தார்" என்று குரலை உயர்த்தவும், நான் பக்கத்துக் கல்லறை மெழுகுவத்தியில் பற்றவைத்து உங்கள் தலைமாட்டில் ஊன்றவும் சரியாக இருந்தது. தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பென்சில் மத்தாப்பு. பதினைந்து வருஷம் அதையே உருட்டிய கை, ஏமாந்துவிட்டது. பச்சையும் சிவப்புமாகப் பொறி ஆளுயரத்துக்குச் சீறியது. போதகர் வேதாகமத்தோடு ஒரு கல்லறையைத் தாண்டிக் குதித்தார். கூட்டம் முழுக்கப் பட்டாசில் பிழைக்கிற சனம்தான், ஆனாலும் கல்லறையிலிருந்து நெருப்பு வந்தால் யார் நிற்பார்கள்?

அத்தை மட்டும் அசையவில்லை. எரிந்து அடங்கும்வரை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"எம்பிள்ள இருக்கும்போதுதான் நிம்மதியா இருக்க விடல. இங்கன வந்தும் விடமாட்டியாடி?"

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அழுகையாயிற்று. நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

செத்தவர்கள் எழும்புவார்கள் என்று நீங்கள் வருஷாவருஷம் சொல்வீர்கள். கழுத்தை நீட்டிய பிறகு சாமி மாறியவள் நான், தலையாட்டுவேன். நம்பினேனா என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்றாம் நாள்தான் எழும்ப வேண்டுமா, எட்டு மாதம் கழித்து எழும்பினால் ஆகாதா? போதகரிடமே கேட்டேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "கர்த்தருக்குக் கெடுவெல்லாம் கெடையாதும்மா" என்றார்.

மத்தியானம் கறிக்குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்த அத்தை, "உப்பு எங்கடி? இதையா எம்பிள்ள இம்புட்டு வருசமாத் தின்னான்?" என்றார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

உங்கள் அம்மாவை இனிமேல் சுவர்ப்பக்கம் திரும்ப விடமாட்டேன், இது சத்தியம். கடைசி நாள் எக்காளம் கேட்டு நீங்கள் எழுந்து வருகிற அன்றைக்கு வீட்டுக்குள் சண்டைச் சத்தம் கேட்டால் வாசலிலேயே தயங்கி நிற்காதீர்கள். நாங்கள் ரெண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அர்த்தம்.

உங்கள் பெண்டாட்டியும்
உங்கள் அம்மா வாயில் மறுபடி விழத் தொடங்கியிருக்கும் மருமகளுமான
கிரேஸ் மாரியம்மாள்