உயிரோடிருப்பவளுக்கு ஒரு படையல்

பர்லாத், ருமேனியா
திங்கட்கிழமை

அன்புள்ள மிரெல்லாவுக்கு,

வியோரிகா எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. போனை நீ எடுக்காததுதான் காரணம். தபாலை நம்பாமல், இத்தாலியில் உன் தூரின் நகருக்கு வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும்.

வெளிநாட்டுக்குத் தத்துப் போனவர்களுக்காக எங்கள் சங்கம் எத்தனையோ தாய்மாரின் கதவைத் தட்டியிருக்கிறது. சிலர் அழுவார்கள், சிலர் நாயை அவிழ்த்துவிடுவார்கள். உன்னைப் பெற்ற பரஸ்கீவா எனக்குச் சாப்பாடு கொடுத்தாள். நான் போன நேரம், அவள் வீட்டில் திதி. இனிப்புக் கோதுமைக் கிண்ணத்தையும் மெழுகுவத்தியையும் கையில் திணித்து, "எம் பொண்ணு லுமினிட்சா பேருல வாங்கிக்கம்மா. பொறந்த வாரமே போயிட்டா" என்றாள்.

வாங்குகிறவர்கள் இறந்தவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். லுமினிட்சா நீதானே! நான் எப்படிச் சொல்வேன்? "ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அதட்டினாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னாள். பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்துவிட்டது என்றார்களாம். உடலைக் காட்டவே இல்லையாம்.

"என்னை விற்றாளா என்று மட்டும் கேளுங்கள், அதோடு தேடலை நிறுத்திவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். விற்கவில்லை, மிரெல்லா. கொடுக்கவும் இல்லை. எங்கள் வக்கீல் ஆஸ்பத்திரியை விடப்போவதில்லை, ஆனால் அது இழுக்கும்.

என் பதற்றம் வேறு. வரும் சனிக்கிழமை ஊரே இறந்தவர்களுக்குப் படைக்கிற நாள். விடிந்தால் அவளிடமிருந்து போன். "சமைக்கவா, வேண்டாமா? உசுரோட இருக்கிறவளுக்குப் படைச்சா பாவம். நீ சொல்றது பொய்யா இருந்து, நான் படைக்காம விட்டா, எம் புள்ள அங்க பட்டினி கிடக்குமே!" உன் போட்டோவைக் காட்டினேன். யார் போட்டோவாகவும் இருக்கலாம் என்கிறாள். ஒரு தடவை ஏமாந்தவள், எப்படி நம்புவாள்? உன் சம்மதமில்லாமல் உன் எண்ணைத் தரக்கூடாது என்பது எங்கள் விதி. தரவில்லை. ஆனால் கை பரபரக்கிறது.

அவள் எண் உறையின் பின்னால் இருக்கிறது. வரவேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். சனிக்கிழமைக்கு முன் கூப்பிட்டால் போதும். உனக்குக் கோபம் அதிகம், கூப்பிட்டாலும் திட்டத்தான் செய்வாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"திட்டட்டும்மா. எனக்குப் புரியாத பாஷையிலயே திட்டட்டும். செத்தவங்க திட்ட மாட்டாங்கல்ல?" என்றாள்.

நீண்ட ஆயுளோடு இரு, மகளே.

வியோரிகா