கவர்னர் ஊரில் இல்லாத வாரம்

மார்ச் 3, 1934

மறுபடியும் கருகிய ஈரல். சமையல்காரனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கவர்னர் மாளிகை வாசலில் யூலாலி நின்றிருந்தாள். கணவன் சைலஸ் தூக்குத் தண்டனைக் கைதி. கரும்பு வெட்டுபவர்களின் வேலைநிறுத்தத் தள்ளுமுள்ளில் ஒரு மேற்பார்வையாளர் செத்தார். அடித்தது யாரென்று எவரும் பார்க்கவில்லை. முன்னால் நின்று பேசியவன் சைலஸ், அதனால் பழி அவன்மேல்.

நானே இறங்கிப் போனேன். காவலர்களுக்குப் பிடிக்கவில்லை.

“பயப்படாதே. அவன் உயிருக்கு நான் பொறுப்பு.”

“துரை சொன்னா சரி” என்று போய்விட்டாள்.

தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நிர்வாக சபை கூடி விவாதித்த பிறகுதான் கையெழுத்துப் போடலாம். கூட்டம் இருபதாம் தேதி. வெறும் சம்பிரதாயம்.

மார்ச் 6

ஆம்ப்ரோஸ் சாப்பிட வந்தான். பள்ளியில் ஒரே பெஞ்சு, என் மனைவி வினிஃப்ரெட்டுக்கு அண்ணன், இங்கே எனக்கு அடுத்த அதிகாரி. வினிஃப்ரெட் சாப்பாட்டு நேரம் முழுக்க இருமினாள்.

“பக்கத்துத் தீவுல படகுப் போட்டிடா. அவளக் கூட்டிட்டுப் போ. கடல் காத்து பட்டா சரியாயிடும்” என்றான்.

“சைலஸ் விஷயம் இருக்கே.”

“இருபதாம் தேதிதானே? அதுவரைக்கும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். எங்கப்பா மேல சத்தியம். ஏன்டா, நீ இல்லாம ஒரு வாரம் சூரியன் உதிக்காதா?”

என் கப்பல் இந்தத் தீவின் கடல் எல்லையைத் தாண்டினால் நான் கவர்னர் இல்லை. திரும்பும்வரை, பைபிளில் கைவைத்துப் பிரமாணம் எடுத்த ஆம்ப்ரோஸ்தான் கவர்னர். பழைய விதி. முன்பெல்லாம் அப்படி இருந்தபோது என் விஸ்கியைக் காலி செய்ததைத் தவிர அவன் ஒன்றும் செய்ததில்லை.

நாளை மறுநாள் கிளம்புகிறோம்.

மார்ச் 10

வினி ஒருமுறைகூட இருமவில்லை. கடல் காற்று நன்றாகவே வேலை செய்கிறது.

மார்ச் 15

துறைமுகத்துக்கு வெளியே வழிகாட்டிப் படகுக்காரன் ஏறினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னப்பா என்றேன்.

“துரைக்குத் தெரியாதா? சைலஸ செவ்வாக்கிழம காலைல தூக்குல போட்டுட்டாங்க.”

வினி தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். கடவுளே, இவளுக்குத் தெரியும்!

மார்ச் 16

தூக்கமில்லை.

நாங்கள் கிளம்பிய மறுநாளே ஆம்ப்ரோஸ் சபையைக் கூட்டித் தூக்கை உறுதி செய்திருக்கிறான். சபையிலுள்ள கரும்புத் தோட்ட முதலாளிகள் எல்லோரும் ஆஜர். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

“உன்னக் காப்பாத்தத்தான்டா செஞ்சேன். அவன விட்டிருந்தா ஒரு தோட்ட முதலாளியாவது உன்ன மதிப்பானா?” என்கிறான். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

வினியிடம் ஒன்றுதான் கேட்டேன். அந்த இருமல்?

“அண்ணன் கேட்டான். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். ஒரு கரும்பு வெட்டுறவனுக்காக இவ்வளவா?”

இருபது வருஷம் ஒரே வீட்டில். பாவிகளா, சேர்ந்து கழுத்தை அறுத்துவிட்டீர்களே. ஒரு பிரபுவின் மூன்றாவது மகன் நான். சொத்து அண்ணனுக்குப் போயிற்று. எனக்கென்று இருந்தது சொன்ன சொல் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 19

யூலாலியின் வீட்டுக்கு நடந்தே போனேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆண் சட்டைகள். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“துரை கப்பல் ஏறுறப்பவே எங்க ஆளுங்க சொன்னாங்க, கையில கறை படக் கூடாதுன்னு ஓடுறார் பாருன்னு. நான்தான் அவங்களோட சண்டை போட்டேன். எங்க துரை அப்படிப்பட்டவர் இல்லன்னு.”

சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ராஜினாமாவைத் தந்தியில் அனுப்பினேன்.

ஏப்ரல் 7

கப்பலில் எழுதுகிறேன். பிரியாவிடை பீரங்கிகள் முறைப்படி முழங்கின, ஒரு குண்டுகூடக் குறையவில்லை. ஆம்ப்ரோஸ் கை கொடுத்தான். நான் கொடுக்கவில்லை. வினி வரவில்லை. மாளிகைக்கு வீட்டம்மா ஒருத்தி வேண்டுமே, அண்ணனுக்குத் துணையாக அங்கேயே இருக்கிறாளாம். துறைமுகத்துக்கு வரும் வழியில், சந்தையில் பெண்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

சற்றுமுன் கேப்டன் வந்து எல்லை தாண்டிவிட்டோம் என்றார். இந்நேரம் ஆம்ப்ரோஸ் பிரமாணம் எடுத்துக்கொண்டிருப்பான். பைபிளை வினி பிடித்துக்கொண்டிருப்பாள்.