பழைய பேரைக் கூப்பிட்ட மிஷின்

இன்னைக்குக் காலையில கம்ப்யூட்டர் ரூம் கதவைத் திறந்தேன். ஏசி குளிரோட அந்துருண்டை வாசனை மூஞ்சியில அடிச்சுது. எலி வயரைக் கடிக்குதுன்னு மூலைக்கு மூலை நீ போட ஆரம்பிச்சது. நீ போய்ச் சேர்ந்த பிறகு நான்தான் வாங்கிப் போடறேன். எலிக்காக இல்லை.

எழுத்துக்கூட்டித்தான் எழுதுறேன். தப்பு இருந்தா சிரிச்சுக்கோ. உன்னை நான் கிண்டல் பண்ணது கொஞ்சமா?

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுல நான் பெருக்கி, டீ வாங்கித் தர்றவ. நீ கம்ப்யூட்டர் பாக்கறவ. காலையில ரூம் வாசல்ல செருப்பை விட்டுட்டு, "இன்னா டாக்டரம்மா, பேஷண்ட் ஏந்திரிச்சிச்சா?"ன்னு கத்துவேன். "ஏந்திரிச்சிச்சு யக்கா, டீயைக் கொண்டா"ன்னு உள்ளேயிருந்து உன் குரல் வரும். அதுக்கப்புறம்தான் எனக்குக் கையே ஓடும்.

அந்த மிஷின் ஞாபகம் இருக்கா? பழைய சர்வர் சாகக் கிடந்துச்சு. அதை அப்படியே நகல் எடுத்து, பெரிய பொட்டி ஒண்ணுக்குள்ள வேற சர்வரா ஓட விட்டே. "பொட்டிக்குள்ள நிழல் மிஷின் யக்கா"ன்னே. நான் பேய்ன்னேன். பழசை அணைச்சாச்சு. ஆனா புதுசு காலையில எழுந்திருக்க அவ்வளவு நேரம் எடுத்துச்சு. அது எழுந்தாத்தான் லாரிங்க வெளியே போக கேட் பாஸ் அடிக்க முடியும். அன்னைக்கு வெளியே எண்ணூர் ரோடு வரைக்கும் லாரிங்க நின்னு ஹாரன் அடிக்குது. மேனேஜர் எட்டிப் பாத்து, "இன்னிக்குள்ள சரியாவலன்னா நாளைக்கு வேற ஆளு"ன்னுட்டுப் போனாரு. காலடிப்பேட்டையில உன் வூட்டு அடுப்பு உன் சம்பளத்துலதான் எரிஞ்சுது.

"இன்னா, புள்ள இன்னும் பாயைச் சுருட்டலியா?"ன்னேன்.

"கம்முனு கெட யக்கா." நான் துடைப்பத்தை வெச்சுட்டுப் பக்கத்துல குந்தினேன்.

அணைச்சு அணைச்சுப் போட்டே. ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ல ஒரே வரியில வந்து நின்னுது. அந்த வரியையே முறைச்சுக்கினு இருந்தவ, திடீர்னு தொடையைத் தட்டினே.

"யக்கா, நகல் எடுக்கும்போது ஒரு ஃபைல்ல பழைய மிஷின் பேரும் விலாசமும் கூடவே வந்துடுச்சு. மாத்த மறந்துட்டேன். இது எழுந்திருக்கும்போது பழசைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. அணைச்ச மிஷின் எப்படி பதில் சொல்லும்? கூப்பிட்டுட்டு காத்துகினு கீது. காத்திருக்கிறதுதான், வேற கோளாறே இல்ல."

"அடிப்பாவி! கண்ணாலம் பண்ணி அனுப்பியும் ஆத்தா வூட்டு நெனப்பாவே கீதா?"

சிரிச்சுக்கினே அதோட சொந்தப் பேரையும் விலாசத்தையும் எழுதினே. கொண்டாந்த டீ ஆறுறதுக்குள்ள எழுந்துடுச்சு. வெளியே லாரி நகர்ற சத்தம் கேட்டு நீ கண்ணைத் தொடைச்சே. "ஏசி ஒழுகுது பாரு"ன்னு அதையும் நான் விடலை.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பல. உன் நாற்காலியில இப்ப ஒரு சார் இருக்காரு. நல்ல மனுஷன், கிண்டல் பண்ணா மன்னிப்பு கேக்கறாரு. மிஷின் நான் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்திருக்கு.

நான்தான் வாசல்ல செருப்பை விட்டுட்டு, "இன்னா டாக்டரம்மா"ன்னு இன்னமும் குரல் கொடுக்கறேன். சார் திரும்பிப் பாக்கறாரு. கொஞ்ச நேரம் நிக்கறேன். அப்புறம் துடைப்பத்தை எடுக்கறேன்.

காத்திருக்கிறதுதான். வேற கோளாறு இல்லை.