நடுவில் ஒட்டிய மூன்று கறுப்பு வட்டங்கள்

அன்ரி,

நேற்றுக் காலை அம்மா என் பச்சை ஜக்கெட்டை மெஷினில் போட முதல் பொக்கற்றுகளைத் துழாவினா. ஒரு பழைய ரிக்கற், ஒரு முறிந்த பென்சில், பிறகு ஒரு சின்னச் சுருள். நாணயமளவு வட்டமான கறுப்பு ஒட்டுத்தாள்கள், ஒன்றன் பின் ஒன்றாக. அதன் பசை, வெயிலில் கிடந்த சைக்கிள் ரியூப் மாதிரி மணந்தது.

“இது என்னடி?”

“ஸ்கூலில தந்த ஸ்ரிக்கர்.”

அவ்வளவு வேகமாக வந்தது பொய். உங்களுக்குத்தான் தெரியுமே, என் வாய் முன்னால் ஓடும், மூளை அடுத்த பஸ்ஸில் வரும். அம்மா சுருளை மெஷினின் மேல் வைத்துவிட்டுப் போனா. நான் அதைப் பார்த்தபடி நின்றேன். அதில் பாதிதான் மிச்சம். கிழிபட்டுப் போன பாதியில் மூன்று வட்டங்களை எங்கே ஒட்டினேன் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி உங்களுடையது. ஸ்டுட்கார்ட் முழுக்க பஸ் ஓட்டினீர்கள். சனிக்கிழமைகளில் மட்டும், சுவிஸ் இராணுவம் எப்போதோ கழித்துவிட்ட ஒரு துவக்கை நீளப் பையில் போட்டுக்கொண்டு, காட்டோரம் இருக்கும் சுடுகளத்துக்குப் போவீர்கள். எந்தச் சிப்பாயின் சப்பாத்தோ பனியோ பட்டு அதன் அடிக்கட்டை சொறி பிடித்திருக்கும். தூரம் காட்டும் கண்ணாடி பூட்டாத வெறும் இரும்புக் குறி. முந்நூறு மீற்றர். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு நீங்கள் சுடுவதை முதல்தடவை பார்த்த அன்றே உங்களுக்குத் ‘துவக்கன்ரி’ என்று பெயர் வைத்தேன். “எங்கட சிநேகிதத்தின்ர துவக்கமே துவக்குத்தான்” என்று வேறு சொன்னேன். “உன்ர வாயை விக்கலாம் எண்டால் ஒருத்தனும் வாங்கமாட்டான்” என்றீர்கள்.

சனங்கள் கதைத்ததும் உங்களுக்குத் தெரியும். ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு மாமா எல்லாரும் கேட்கவே சொன்னார்: “துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவ இஞ்ச வந்து துவக்கு வாங்கி அலுமாரியில பூட்டி வைச்சிருக்கிறா.” நீங்கள் ரோல்ஸைக் கடித்தபடி ஆறுதலாகத் திரும்பினீர்கள்.

“அண்ணை, அங்க வெடி கேட்கும். எங்க பட்டுது, ஆரில பட்டுது எண்டு ஒருத்தரும் உண்மை சொல்லேல்ல. இஞ்ச ஒவ்வொரு வெடிக்கும் ஒரு ஆள் கீழ நிண்டு, இஞ்சதான் பட்டது எண்டு காட்டும். எனக்கு அது காணும்.”

நான் அப்போது மேசைக்கடியில் அந்த மாமாவின் இரண்டு சப்பாத்து நாடாக்களையும் சேர்த்து முடிந்துகொண்டிருந்தேன். உங்கள் பேச்சு காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

போன கோடையில் ‘கீழ நிக்கிற ஆள்’ நான்தான். சுட எனக்கு வயது காணாது, ஆனால் குறி காட்டலாம் என்றார்கள். இலக்குப் பலகைகளுக்கு முன்னால் ஆளுயரக் கொங்கிறீற் பள்ளம். உள்ளே இருந்தால் தலைக்கு மேலே சன்னம் ‘டப்’ என்று கடக்கும். பலகையைக் கீழே இறக்கி, ஓட்டையின் மேல் கறுப்பு வட்டத்தை ஒட்டி, திரும்ப மேலே ஏற்றி, நீளத் தடியில் பூட்டிய தட்டை அந்த இடத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். படவேயில்லை என்றால் தட்டை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் படுத்திருப்பவருக்கு ஓட்டை தெரியாது. தட்டுத்தான் தெரியும். தட்டு சொல்வதுதான் நடந்தது.

அப்படித் தவறிய சூட்டுக்கு ஜெர்மன்காரர் ‘ஃபார்கார்ட்டே’ என்று சொல்லுவார்கள், பயணச்சீட்டு. பஸ் ஓட்டுகிற அன்ரிக்கே மூன்று சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று ஒரு கிழமையாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். நான் அதற்குக் குறித்து வைத்த சனிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. அதுவும் தெரியும். ஆனால் கணக்கில் சேராத ஐந்து ஒத்திகைச் சூடு முதலில் உண்டு. நீங்கள் எப்போதும் ஐந்தையும் சுட்டுத்தான் தொடங்குவீர்கள். கடைசி மூன்றில் விளையாடலாம், ஒருவருக்கும் நட்டமில்லை.

அன்று நீங்கள் இரண்டோடு நிறுத்தினீர்கள். இரண்டும் நடு. “காணும், போட்டியைத் தொடங்குறன்” என்று சொல்லியிருக்கிறீர்கள். வோக்கிடோக்கியில் அதை அறிவித்திருக்கிறார்கள். அது ஆணியில் தொங்கியது. என் காதுமூடிக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

போட்டியின் முதல் சூடு பத்தில்; எனக்கு அது ஒத்திகையின் மூன்றாவது. ஒட்டினேன், ஏற்றினேன், தட்டை ஆட்டினேன். இரண்டாவதும் பத்து. ஆட்டினேன். மூன்றாவது ஒன்பது, கொஞ்சம் இடம். இடுப்பையும் சேர்த்து ஆட்டினேன். அடுத்த பலகையில் நின்ற, உங்கள் சுடுகழகத்துச் சிநேகிதர் குர்ட் என் தோளைத் தட்டி வோக்கிடோக்கியைக் காட்டினார். காதுமூடியைக் கழற்றினேன்.

போட்டிச் சூடு மூன்றும் தவறியிருக்கிறது, பலகையைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு என்று மேலே நடுவர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உங்கள் குரல், ஜெர்மனில்: “தேவையில்லை. கீழே நிற்கிறது என் பிள்ளை. அவள் பிழையாகக் காட்டமாட்டாள்.”

பொத்தானை அமத்தி ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என் விரல் அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் குறியைத் தள்ளிப் பிடித்தீர்கள், இல்லாத பிழையைத் திருத்த. மிச்ச ஏழும் உண்மையிலேயே ஓரங்களில் விழுந்தன. அவற்றை நான் மிக நேர்மையாகக் காட்டினேன்.

போட்டி முடிந்து கார் நிறுத்திய இடத்தில் நீங்கள் சாவியைக் குர்ட்டிடம் நீட்டினீர்கள். “நீ ஓட்டு” என்றீர்கள். பிறகு பின்சீற்றில் என் பக்கத்தில் இருந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

“எனக்கு நடுவில வெடிச்ச மாதிரித்தான் கிடந்தது, பிள்ளை. அப்ப கண்தான் பிழை.”

“அன்ரி…” என்றேன்.

“என்ன?”

“பசிக்குது.”

வழியில் காரை நிறுத்தச் சொல்லி எனக்குப் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கித் தந்தீர்கள். நான் முழுவதையும் சாப்பிட்டேன். அதை நினைக்கத்தான் இப்போதும் முகம் எரிகிறது.

திங்கட்கிழமை நீங்களே அலுவலகத்துக்குப் போய், கண்ணில் சந்தேகம் இருக்கிறது, பார்க்கும்வரை பஸ் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. “ஐம்பது சனத்தை ஏத்திக்கொண்டு சந்தேகத்தில ஓடேலாது” என்று அம்மாவிடம் சொன்னீர்கள். கண் டொக்டரைப் பார்க்க ரெர்மீன், அதுதான் குறித்த நாள், கிடைக்க ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையும் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் உங்களைக் கண்டேன். சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கை. “பார், நானும் பாசஞ்சர்” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு நாளும் அடுத்த தரிப்பில் சொல்லுவேன், அடுத்த தரிப்பில் சொல்லுவேன் என்று இருந்து, என் தரிப்பு வந்ததும் இறங்கிப் போனேன்.

ரெர்மீனுக்கு அம்மாதான் கூட வந்தா. கண்ணில் ஒரு குறையும் இல்லை. அம்மா சந்தோஷத்தில் கேசரி கிண்டினா. நீங்கள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “கண் சரியெண்டால் அப்ப என்ர நிதானம்தான் பிழை. நிதானம் இல்லாத ஆள் துவக்குத் தொடக்கூடாது.” பஸ்ஸுக்குத் திரும்பினீர்கள். சுடுகளத்துக்குத் திரும்பவில்லை. நான் அன்று கேசரிக்கு உப்புப் போட்டது யார் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தேன். பகிடி விடத் தெரிந்தவளுக்கு ஒளிய இடம் தேட வேண்டியதில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டபடியே படியில் இருந்தீர்கள், பிறகு எழும்பவில்லை. இதயம் என்றார்கள்.

செத்தவீட்டுக்குக் குர்ட் கழகத்து ஜக்கெட்டோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். துவக்கு இப்போது அவருடைய அலுமாரியில். போகும்போது ஒரு கொப்பியை என் கையில் வைத்தார். “இதைத் தமிழில் எழுதியிருக்கிறாள், எனக்கு விளங்காது. உன்னிடம் இருக்கட்டும்.” மூன்று மாதம் அதைத் திறக்கப் பயந்தேன். நேற்று, அந்தச் சுருளைப் பார்த்த பிறகு, திறந்தேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நிரல். ‘என் கண்’ என்று ஒன்று, ‘தட்டு’ என்று ஒன்று. வெடித்த உடனே, தட்டு எழும்ப முதல், எங்கே பட்டிருக்கும் என்று நீங்கள் நினைத்ததை எழுதுவீர்களாம். அந்த நாளின் பக்கத்தில் ‘என் கண்’ நிரலில்: பத்து, பத்து, ஒன்பது இடம்.

மூன்றும் சரி, அன்ரி. ஒன்பது இடப்பக்கம் என்பதுகூடச் சரி.

அந்த மூன்றின் மேலும் நேராகக் கோடு கிழித்திருந்தீர்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில்: ‘கண் பிழை. தட்டு சரி.’

உங்கள் கோட்டை நான் அழிக்கவில்லை. அதற்கு எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் பேனையால் எழுதினேன்: பத்து, பத்து, ஒன்பது இடம். கீழே, காட்டியவர் என்று போட்டு என் முழுப்பெயர். வருகிற சனிக்கிழமை இதைக் கொண்டுபோய்க் குர்ட்டுக்கும் மற்றவர்களுக்கும் ஜெர்மனில் வாசிக்க வேண்டும். அதற்கு முதல் ஒரு ஆள் இருந்தா.

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. “அது ஸ்கூல் ஸ்ரிக்கர் இல்லையம்மா” என்று தொடங்கினேன். பகிடி ஒன்றும் கலக்காமல் ஒரு கதையை முழுக்கச் சொன்னது அதுதான் முதல்தடவை. அம்மா கத்தியை வைத்தா. கதிரையை இழுத்து இருந்தா.

“டொக்டர் கண் நல்லாயிருக்கு எண்டு சொல்லேக்க, அவ என்னைத்தான் பார்த்தவ” என்றா பிறகு. “அப்ப நான் பைத்தியமோ எண்டு கேக்கிற மாதிரி.”

“அம்மா.”

“கதையாதை.”

எழும்பி மெஷினடிக்குப் போனா. ஜக்கெட் இன்னும் தோயாமல் கூடைக்குள்தான் கிடந்தது. சுருளை எடுத்து, எந்தப் பொக்கற்றில் இருந்ததோ அதே பொக்கற்றுக்குள் திரும்ப வைத்தா. ஜக்கெட்டை என் கையில் தந்தா.

“இதைத் தோய்க்கேலாது. சனிக்கிழமை போட்டுக்கொண்டு போ.”

இன்று காலை பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. நான் நின்றுகொண்டே போனேன், கை பொக்கற்றுக்குள்.