நம்ம பிள்ளை பாட்டைப் போட்டுப் பார்க்காமல் வாங்கிய இயர்போன்

ஷெரோமி அப்பா,

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டுக் காம்பராவில். நான் பதுளைக்குப் போகிறேன், உங்களுக்கு வேறு இயர்போன் வாங்க. காதுக்குள் போட்டதை மாற்றித் தரமாட்டார்களாம். இனி வாங்குவதும் விலை குறைந்ததாகத்தான் இருக்கும்.

அன்றைக்குக் கடைக்கார நௌபர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினார். திம்திம் என்று கேட்டது. நல்லதென்று நினைத்துவிட்டேன். வீட்டில் நம் பிள்ளை கோயிலில் பாடியதைப் போட்டால் மேளம்தான் கேட்கிறது, அவள் குரல் அமுங்கிப்போகிறது என்கிறீர்கள். கடையிலேயே அதைப் போட்டுப் பார்த்திருக்கலாம், மனசு வரவில்லை. அவளைப் புதைத்த பிறகு நீங்கள் அந்தப் பாட்டைப் போனில் சத்தமாகப் போடும்போதெல்லாம் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விடுகிறேன்.

உங்கள் போனையும் கொண்டுபோகிறேன். இந்தத் தடவை அவள் பாட்டைக் கேட்டுத்தான் வாங்குவேன். கடையில் அழுதால் அழுகிறேன். எதை வாங்கி என்ன, அவள் வரவா போகிறாள்.

இருதயம்மா

ரொட்டியைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

அடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நேற்று கேட்டீர்களே, "அவ கொரல் ஒங் காதுல விழக் கூடாதுன்னுதானே இத வாங்குன?" என்று. இல்லையென்று பைபிளைத் தொட்டுச் சொன்னேன்.

ஆமாங்க. அதுக்குத்தான் வாங்குனேன்.