ஏழு மடங்கு சிவப்பு

திங்கள்
காலையிலிருந்து மழை. தம்போய் சாலையில் நெரிசல், வேலைக்கு அரை மணி தாமதம்.

மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகள்மேல் வெள்ளித் துகள்கள். துகளின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆட, கம்பி உமிழும் சிவப்பு ஒளி ஏழு மடங்காகும். அளந்தவன் நான். கட்டுரையில் என் மாஜி மனைவி விமலா பெயர் மட்டும். மணமுறிவுக்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. நன்றியுரையில்கூட நான் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பேராசிரியர் நேர்காணல். அந்தக் கட்டுரையை நம்பித்தான் போகிறாள். ஆய்வுக் கட்டுரைகளை விமர்சிக்கும் தளத்தில் அதற்குள் எழுதிவிட வேண்டும்.

மறக்கக் கூடாதவை: பழைய மாதிரிகளை எடுக்க (பிஸ்கட் டின்). சரவணனிடம் கேட்க. கார் டயர்.

செவ்வாய்
வெயில். அரை நாள் விடுப்பு. பழைய ஆய்வுக்கூடம். கருவியைப் பார்த்துக்கொள்ளும் சரவணன் உள்ளே விட்டான்.

"அண்ணே, பொண்டாட்டி மேல உள்ள கோபத்த லேசர்ல காட்டாதீங்க லா."

அன்று போலவே வைத்து அளந்தேன். ஏழு மடங்கு. நெஞ்சு நிறைந்தது.

ஆதாரம் பலமாக இருக்கட்டுமென்று, கம்பிகளே இல்லாத வெறும் கண்ணாடியில் வெள்ளித் துகள். சிவப்பு வரக்கூடாது. வந்தது.

சரவணன் எட்டிப் பார்த்தான். "அலமாக், ஐயோ. ஃபில்டர் போடலியா?"

போடவில்லை. அன்றும் போட்டிருக்கவில்லை. லேசரின் அலைநீளம் 325 நானோமீட்டர். வடிகட்டி இல்லாவிட்டால் சரியாக இரட்டிப்பில், 650இல், அதன் போலி விழும். வெள்ளி அதைச் சிதறடித்துப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. வடிகட்டி போட்டதும் ஏழு மடங்கு காணோம். முதல் வருட மாணவர்களுக்கு நான் நடத்திய பாடம்.

அவள் எடுத்துக்கொண்டு போனது என் தவறை.

புதன்
சாப்பிடவில்லை. மதியம் விமலாவுக்குப் போன்.

"பேரு விஷயம்னா வக்கீல்கிட்ட பேசுங்க."

"அந்த அளவ நீ திரும்ப எடுத்துப் பாத்தியா?"

"எதுக்கு? நீங்க எடுத்ததுதானே. உங்ககிட்ட எனக்கு ஆயிரம் குறை. ஆனா உங்க ரீடிங்க சந்தேகப்பட்டதே இல்ல."

வடிகட்டி விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

வியாழன்
கொசு மருந்து அடித்தார்கள். வீடெல்லாம் புகை.

தளத்துக்கென்று எழுதிய, பெயர்த் திருட்டு பற்றிய இரண்டு பக்கத்தையும் அழித்தாயிற்று. இப்போது நாலே வரி: வடிகட்டி, 650, வெறும் கண்ணாடி, கட்டுரையைத் திரும்பப் பெறவும்.

அவளிடமே சொல்லலாம். சொன்னால் அந்த நம்பிக்கை உடைவதை என் காதால் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் மாஜி புருஷனின் வயிற்றெரிச்சல் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. 'அளந்தவன் நானே' என்ற ஐந்தாவது வரியை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன்.

பெயரில்லாமல் போடுகிறேன்.